ஒன்றுக்கு ஐந்நூறு

சல்மாபாதில் ஆகஸ்டு மாதம் பசை காய்வதில்லை.
ஏசி ஓடினாலும் பலகை ஊதிக்கொள்கிறது,
கரை வளைந்துவிடுகிறது.
முஹர்ரக்கின் பழைய படகுத்துறையை
ஐந்நூறில் ஒரு பங்காக்கி
இரண்டு முறை செய்தேன், இரண்டு மேசைகளில்.

முதல் மேசையில் எடுப்பு.
நாற்பது மாடி, முப்பத்திரண்டு சென்டிமீட்டர்,
காற்றில் திரும்பும் பாயாக முறுக்கிய அக்ரிலிக்.
ஒவ்வொரு மாடியும் கீழ் மாடியைவிட
ஒன்றரை பாகை திரும்ப வேண்டும்.
பதினேழாவதில் கை நடுங்கி
பதினாறையும் பிரித்தேன்.

இரண்டாவதில் அடக்கம்.
மூன்று மாடிக்கு மேல் ஒன்றுமில்லை.
மணல் நிறம், காற்றுக்கூண்டுகள்,
சந்துக்குள் சந்து.
கண்ணை மூடிக்கொண்டு செய்யலாம்.
(செய்யவில்லை.)

பதினொரு மணிக்கு வந்தார்கள்.
வாதம் நான் நினைத்த பக்கங்களில் நிற்கவில்லை.
சிகாகோவிலிருந்து வந்த வெண்டல்
காற்றுக்கூண்டுக்காகப் பேசினார்:
கடலுக்கு முன்னால் நகரம்
குரலைத் தாழ்த்திக்கொள்ள வேண்டுமாம்.
முஹர்ரக்கிலேயே பிறந்த மைசூன்
கோபுரத்தின் பக்கம் போய் நின்றாள்:
"உங்கள் ஊர் உயரமெல்லாம் கட்டி முடித்துவிட்டு
எங்களைக் குனியச் சொல்கிறீர்கள்.
என் தெருவை அருங்காட்சியகமாக்கி
எனக்கே டிக்கெட் விற்பீர்கள்."

மேசைவிளக்குதான் சூரியன்.
நான் பிடித்துக்கொண்டிருந்தேன்.
"மூன்று மணி," என்றார் வெண்டல். சாய்த்தேன்.
கோபுர நிழல் பள்ளிக்கூடத்தைத் தாண்டி
மீன்சந்தையில் போய் விழுந்தது.
"பார்த்தாயா?"
"பார்த்தேன். இந்த மாதத்தில் அதற்குப் பெயர் இனாம்."

யாரோ கணக்குப் போட்டார்கள்.
அடக்கத்தின் அடக்க விலை
எடுப்பைவிடப் பதினொரு சதவீதம் அதிகம்.
கைப்பூச்சுச் சுண்ணாம்பு, பவளப்பாறைபோல் தெரியும் கல்.
கொஞ்ச நேரம் காகிதம் புரளும் சத்தம் மட்டும்.

இரண்டு மேசையிலும் கரை ஒன்றுதான்.
பழைய வரைபடத்தில் அந்த இடம் நீலம்.
லாரி லாரியாக மண் கொட்டி
நீலத்தை அடக்கம் செய்த பிறகுதான்
அடக்கம் பற்றிப் பேசுவதற்கு
நிற்க இடம் கிடைத்தது.
இதை நான் சொல்லவில்லை. விளக்கைப் பிடித்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை மீன் கொண்டுவந்த ததேயு
இரண்டையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கேட்டான்:
"லாஞ்ச எங்க கெட்டணும்?"
கட்டுவதற்கு இரண்டிலும் ஒன்றுமில்லை.
குண்டூசித் தலைகளை வெட்டி
மேசைக்கு ஆறாகக் கரையில் நட்டேன்.
தூசி என்று நினைத்து
ஒருவர் ஊதிப் பார்த்தார்.

என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால்
கோபுரம் என்றிருப்பேன்.
ஆறு பேர் அறையில், கையெட்டும் கூரைக்குக் கீழே
பத்து வருடமாக அடக்கமாகத்தான் இருக்கிறேன்;
அழகாயிருக்கிறது என்று
யாரும் படம் பிடிக்க வந்ததில்லை.
ஆனாலும் இரவு மேசை துடைக்கும்போது
விரல் சந்துக்குள்தான் நுழைந்தது,
ஒரு மூலையில் திரும்பி, இன்னொன்றில் தயங்கி.
கோபுரத்தைச் சுற்றி
விரலுக்கு வேலையில்லை.

ஞாயிறன்று தீர்ப்பு வந்தது, நாலு வரியில்.
சந்துகள் இருக்கட்டும்.
கோபுரமும் இருக்கட்டும், இருபது மாடியோடு.
மைசூனுக்கும் வெண்டலுக்கும்
முதல்முறையாக ஒரே கோபம்.

பட்டை ரம்பத்தில் கொடுத்து அறுத்தேன்.
முறுக்கு பாதியில் நின்றது,
யாரோ கூப்பிட்டதாகத் திரும்பி
யாருமில்லை என்று கண்டவன் கழுத்துப்போல.

மேல்பாதி என் ஜன்னலில் இருக்கிறது.
விடுமுறை நாள் மூன்று மணிக்கு
அதன் நிழல் கட்டில் விளிம்பைத் தொடும்.
ஐந்நூறால் பெருக்கினால்
வேலிக்கு வெளியே, பேருந்து நிறுத்தம்வரை வரவேண்டும்.
அங்கேதான் நிற்கிறேன் இப்போது,
வெயிலில்.