ஒற்றைச் செங்கல்

பன்னிரண்டு என் வீடு.
பதினான்கு கோப்ரல் அற்புதராஜ் வீடு.
நடுவில் மலிவு வீட்டுச் சுவர்,
ஒற்றைச் செங்கல்.
அவர் இரவெல்லாம் இருமுவார்.
தும்மினால் இங்கிருந்தே "நூறு" சொல்லலாம்.
சொன்னதில்லை.

அவர் குடிவந்த வாரம்
தெருவே நிமிர்ந்து உட்கார்ந்தது.
எதிர்வீட்டு மல்லிகேஸ்வரி அக்கா
நாலு நம்பர் தாள்களை
அரிசி டின்னுக்குள் மாற்றினார்.
"உனக்கென்னம்மா, கதவைத் திறந்து போட்டே தூங்கலாம்"
என்றார் செம்பனை லாரி ஓட்டும் வீரசேகர்.
நானும் ஒரு மாதம் நம்பினேன்.

வேலியோரக் கொடியில் அவருடைய கருநீலச் சட்டை காயும்,
பக்கத்தில் என் கையுறைத் தொழிற்சாலைச் சட்டை.
காற்றடித்தால் அதன் கை இதன் தோளில் விழும்.
பிடிப்பதுபோலவும் இருக்கும்,
தேற்றுவதுபோலவும்.

போன புதன்கிழமை
என் மோட்டாரைக் காணவில்லை.
போலீஸ்காரர் வாசலிலிருந்து ஆறடி தள்ளி
நிறுத்தியிருந்த மோட்டார்.
பாகாவ் பசாரில் மீன் வாங்கப் போனால்
மீன்காரரும் சிரித்தார்.

இன்சூரன்சுக்கு ரிப்போர்ட் வேண்டும்.
பாலாயில் கணினிக்குப் பின்னால் அவர்.
"நாமா?" என்றார்.
முந்தாநாள், "கேஸ் தீர்ந்துபோச்சு,
ஒரு தோம்பு இருக்குமா" என்று கேட்ட அதே வாய்.
பெயரைச் சொன்னேன்.
"அலாமாட்?"
பன்னிரண்டு என்றேன்
பதினான்கில் இருப்பவரிடம்.
இரண்டு விரலால் தட்டினார்,
கேள்விப்படாத ஊரை எழுதுபவர்போல.

கடைசியாக எப்போது பார்த்தது.
சாவி எங்கே இருந்தது.
பூட்டை உடைத்திருந்தார்களா.
உடைக்கவில்லை என்றேன்.
விரல்கள் நின்றன.

செவ்வாய் இரவு ஒன்றரை மணிக்கு
தம்பி லோகேந்திரன் வந்திருந்தான்,
எட்டு மாதம் கழித்து,
கன்னம் ஒட்டி.
சோறு கேட்டான்.
பணம் கேட்டான்.
அப்புறம் எதுவும் கேட்காமல்
ஆணியில் தொங்கிய சாவியை எடுத்தான்.
"அக்காவைக் கொன்னுட்டு எடுத்துட்டுப் போடா"
என்று நான் கத்தியபோது
சுவருக்கு அந்தப் பக்கம்
இருமல் நின்றுபோனது.

"சந்தேகப்படுற ஆள் யாராச்சும்?"
இதை மட்டும் தமிழில் கேட்டார்.

சுவரில் தேடப்படுவோர் படங்கள், பதினோரு முகம்.
ஒன்றிலும் லோகாவின் மூக்கு இல்லை.
இரண்டு முறை பார்த்தேன்.
"இல்லை."
"தியாடா" என்று தட்டினார்.
ஐந்தே எழுத்து.
அந்த ஐந்துக்கு அவர் எடுத்துக்கொண்ட நேரத்தில்
ஒரு கடிதமே எழுதியிருக்கலாம்.
கையெழுத்திடப் பேனா தந்தார்,
மூடியெல்லாம் பல் தடம்.
என் பொய்க்குக் கீழே நான் போட்டேன்.
பக்கத்திலேயே அவரும் போட்டார்,
எங்கள் வீடுகளைப்போல ஒட்டி.

சாயங்காலம் வேலிக்கு மேலாக
அவர் மனைவி ஒரு டப்பாவை நீட்டினார்.
நெத்திலிச் சம்பல்.
எதுவும் கேட்கவில்லை.
வெறும் டப்பாவாகத் திருப்பக் கூடாதென்று
கொஞ்சம் சீனி போட்டுக் கொடுத்தேன்.

இப்போதெல்லாம் நடுராத்திரி
கேட் சத்தம் கேட்டால் எழுந்து உட்கார்கிறேன்.
எந்த வீட்டுக் கேட்
என்று பிரிக்கச் சில நொடி ஆகும்.
அவருக்கு வேலை இல்லாத இரவுகளில்
அந்தப் பக்கமும் கட்டில் ஒருமுறை முனகும்.
பெரும்பாலும் காற்றுதான்.
சில சமயம் தோட்டத்திலிருந்து இறங்கும் பன்றி.

அவர் மறுபடி இருமத் தொடங்கும்வரை
நான் தலை சாய்ப்பதில்லை.