கன்டோன்மென்ட்

வேலூர் என்று கேட்டால்
காட்பாடியில் இறக்கிவிடுவார்கள்.
பிறகு பாலாறு, பாலம், ஷேர் ஆட்டோ.
பேர் எங்கள் ஊருக்கு, கூட்டம் அவர்களுக்கு.

நாங்கள் ஊருக்குள்ளேயே இருக்கிறோம்.
பட்டாளம் போன பிறகும் பலகையில் கன்டோன்மென்ட்.
பௌர்ணமியன்று மட்டும் அண்ணாமலை போகிறவர்கள்
வாசற்படி வரைக்கும் நிற்பார்கள்.
மறுநாள் குழாயடியில் ஒற்றைச் செருப்புகள்.

மீட்டர் கேஜ் காலத்துப் பார்சல் பேரேடு ஒன்று
பீரோவில் கிடந்தது. முனவ்வர் பாய் கையெழுத்து.
இலவம்பாடி முள்ளுக்கத்திரி எட்டுக் கூடை.
ஆரணிப் பட்டு ஒரு கட்டு.
சைக்கிள் ஒன்று, பெல் இல்லை.
'பெல் இல்லை'க்குக் கீழே இரண்டு கோடு.
யாரோ சண்டைக்கு வந்திருக்க வேண்டும்.

எனக்கு முதல் போஸ்டிங் வந்தபோது
தண்டவாளமே இல்லை.
அகலப்படுத்தப் பெயர்த்துப் போயிருந்தார்கள்.
கூடப்போவது இரண்டேகால் அடி,
அதற்கு எத்தனை வருடம்!
'ரயில் பார்க்காத ரயில்வேக்காரி' என்று
நாத்தனார் பட்டம் கட்டினாள்.
பையன்கள் ஜல்லிமேட்டில் கிரிக்கெட் ஆடினார்கள்.
ரயில் வராத ஸ்டேஷனில்
முன்பதிவு ஜன்னலைத் திறந்து
ஹவுராவுக்கு டிக்கெட் கொடுத்தேன்.

பாங்குராக்காரர் ஒருவர், சாமந்தா.
காட்பாடியில் வரிசை நீளமென்று இங்கே வருவார்.
ஆறு மாதத்துக்கொரு முறை ஆஸ்பத்திரிச் சலுகைப் படிவம்:
நோயாளி அவர், துணை மனைவி.
அவருக்குத் தமிழில் ஒரு சொல் தெரியும், 'கீழே'.
எனக்குப் பெங்காலியில் அதே சொல், 'நீச்சே'.
இதை வைத்துக்கொண்டே ஆறு முறை
ஊருக்கு அனுப்பியிருக்கிறேன்.

ஏழாம் முறை
பெயர்கள் இடம் மாறியிருந்தன.
எழுதினவர் பிசகு என்று நினைத்து
பேனாவால் இரண்டையும் தொட்டுக் காட்டினேன்.
பிசகில்லை என்று தலையசைத்தார்.
அந்தம்மா சிமென்ட் பெஞ்சில், மடியில் பையோடு,
தண்டவாளம் இருந்த பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெயர் அடித்தேன், வயது அடித்தேன்.
கம்ப்யூட்டருக்கு
நோயாளி யாரென்று தெரிந்தால் போதும்.
"கீழே" என்றார்.
விரலால் பெஞ்சைக் காட்டி
இன்னொரு தரம், "கீழே".

இப்போது ரயில் வருகிறது.
விழுப்புரம் பாசஞ்சர் இரண்டு நிமிடம் நிற்கும்.
கண்ணமங்கலம் போகிற டீச்சர்கள்
கடைசி நொடியில் ஓடிவந்து
பத்து ரூபாய் டிக்கெட்டுக்கு ஐந்நூறை நீட்டுகிறார்கள்.
திட்டிக்கொண்டே எண்ணுகிறேன்.