சிவப்பு மை

எங்கள் படிவத்தில் பன்னிரண்டு கட்டங்கள்.
முன்பு எத்தனை பேறு. அப்போது ரத்தம் போனதா.
சோகையா. வயிற்றில் இரண்டா.
பழைய தழும்பு உண்டா. நஞ்சு வாசலை அடைத்திருக்கிறதா.
டிக் மூன்றைத் தாண்டினால்
பெயரைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம்.
மை உறைந்தால் பேனாவை
அக்குளில் வைத்துச் சூடாக்கிக்கொள்வேன்.
லெசோத்தோ மலைகளில் ஜூலை அப்படி.

மாகௌதாவுக்கு ஏழு டிக்.
ஆறாவது பேறு, இரட்டை.
போன தடவை ஒரு போர்வை முழுக்க நனைந்ததாம்;
அந்தப் போர்வையைக் கணவன்
இன்னும் குதிரைக்குப் போர்த்துகிறான்.
கீழிமையை இழுத்துப் பார்த்தேன்,
உப்பு மாதிரி வெளுப்பு.
மூன்று வாரம் முன்பே வரவழைத்துக்
காத்திருப்போர் குடிசையில் படுக்கவைத்து
கீரையும் இரும்பு மாத்திரையுமாய்க் கொடுத்தோம்.
அவளுக்காக, ஓட்டுநர் த்லாலியின்
ரத்த வகையைக்கூட ஓரத்தில் குறித்துவைத்தேன்.

இரட்டையும் வந்தது. நஞ்சும் முழுதாய் வந்தது.
கோடு போட்ட பையில்
முதல் கோட்டைக்கூட எட்டவில்லை ரத்தம்.
எழுந்து உட்கார்ந்து தேநீர் கேட்டாள்,
சர்க்கரை போதவில்லை என்று திட்டினாள்.

மாபுலெங்குக்கு இருபத்திரண்டு.
எங்கள் வழக்கம், மணப்பெண்ணுக்கு அன்றைக்கே
பிறக்கப்போகிற பிள்ளையின் தாய் என்று பெயர் வைத்துவிடுவோம்.
இவள் புலெங்கின் அம்மா. புலெங் என்றால் மழையில்.
பேர் முந்திவிட்டது,
பேறுதான் பாக்கி.
ஒரு டிக் இல்லை.
பள்ளத்தாக்கைத் தாண்டி நடந்தே வந்தாள்.
"இவளுக்கு நான் தேவையே இல்லை"
என்றேன் லிமாகட்சோவிடம்.
சொன்ன சொல்லை விழுங்க முடிவதில்லை.

பிள்ளை அழுதது.
தொடையில் ஊசி போட்டேன்,
கம்பளி சுற்றிப் பனியில் புதைத்த
பால் டின்னிலிருந்து எடுத்து.
(கூரைத் தகட்டைப் பனி மூடிக்
குளிர்ப்பெட்டி செத்து நாலு நாள்.)
நஞ்சு விழுந்தது.

பிறகு சத்தமே இல்லாமல் வந்தது.

வயிற்றில் கை வைத்தேன்.
பீச் கொட்டையாய் இறுகியிருக்க வேண்டியது
பாலில் ஊறிய ரொட்டி.
பையில் ஒரு கோடு. இரண்டு.
மூன்றாவதை நான் பார்க்கவில்லை,
அதற்குள் என் வலக்கை உள்ளே, முஷ்டியாய்;
இடக்கை வெளியே;
நடுவில் சுருங்க மறந்த கருப்பை.
லிமாகட்சோ மருந்து ஏற்றினாள்,
"புலெங்கின் அம்மா, தூங்காதே,
புலெங்கின் அம்மா, என்னைப் பார்"
வெளியே த்லாலியின் வண்டி
இருமிற்று, நின்றது, இருமிற்று.

நாற்பது நிமிடம்
நான் வெறும் ஒரு கையாக இருந்தேன்.
என்ன நினைத்தேன் என்று சொல்ல வெட்கம்:
அந்தத் தாளைத்தான்.
பன்னிரண்டு வெற்றுக் கட்டங்கள்,
யாரும் இன்னும் மிதிக்காத பனி.

சட்டென்று முஷ்டியைச் சுற்றி ஏதோ இறுகியது.
உள்ளேயிருந்து யாரோ
என் கையைப் பிடித்ததுபோல.

கணவாயைத் தாண்டி மாவட்ட மருத்துவமனையில்
மாகௌதாவுக்கென்று குறித்த ரத்தம்
மாபுலெங்குக்குள் ஏறியது.
கொடுத்த த்லாலி
தன் பையைத் தானே பார்த்து மயங்கி விழுந்தான்.

மறுநாள் என் விரல்கள் மடங்கவில்லை.
லிமாகட்சோதான் படிவத்தை முடித்தாள்.
காரணம் என்ற இடத்தில்
அவளுடைய பொடி எழுத்தில்: தெரியவில்லை.

இப்போது எல்லாப் பெயருக்கும்
வட்டம் போடுகிறேன்,
நடந்து வருகிறவளுக்கும்,
சிரித்துக்கொண்டு வருகிறவளுக்கும்.
கிடங்கிலிருந்து கடிதம் வந்திருக்கிறது:
உங்கள் மருத்துவமனையில் மட்டும்
இத்தனை சிவப்பு
எங்கே போகிறது?