ஆகஸ்டில் ஓர் ஏணி

புல்வெட்டும் எந்திரத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தேன்.
எதிர்வீட்டுக் கூரையில் வென்டல் கார்க்கம்,
அரைக்கால் சட்டை,
வாயில் நான்கு ஆணிகள்,
தோளில் சுருட்டிய பச்சை ஒயர்.
இது ஆகஸ்ட்.
துறைமுகத்தில் ஐஸ்கிரீம் வண்டி மணியடிக்கிறது.
என் தக்காளி இன்னும் பழுக்கவில்லை.

"கிறிஸ்துமஸா?" என்றேன்.
ஆணிகளுக்கு நடுவிலிருந்து "ம்" என்றான்.

தபால்காரி ரோவெனாவிடம்
ஏணி இப்போதுதான் இரவல் கிடைத்தது என்றானாம்.
தேவாலயத்துப் பெண்களிடம்
போன டிசம்பரில் விரல் விறைத்த கதை.
மூலைவீட்டு டெக்லனிடம்
கலைமான்களுக்கு இந்த வருடம் வழி தெரியாது,
அடையாளம் வேண்டும் என்று.
மூன்று பேருக்கு மூன்று காரணம் சொல்பவனிடம்
நான்காவது ஒன்று இருக்கும்.
முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள் நான்,
பின்சீட்டுப் பொய்களை
முன்கண்ணாடியிலேயே பிடித்திருக்கிறேன்.

நகராட்சிக்கு எழுதத் தாள் எடுத்தேன்.
"மதிப்பிற்குரிய ஐயா" வரை வந்தது.
அதற்குமேல் என்ன குற்றம் எழுதுவது?
டிசம்பரை ஆகஸ்டில் வைக்கக்கூடாதென்று
நோவா ஸ்கோஷியாவில்
எங்கும் பலகை இல்லை.

ஞாயிறு மதியம்
கொட்டகையிலிருந்து சாண்டாவைக் கட்டியணைத்துத் தூக்கிவந்தான்.
ஆளுயர பிளாஸ்டிக். உள்ளே காற்று.
எத்தனையோ குளிர்காலம் நின்று
சிவப்பு அங்கி இளஞ்சிவப்பாகிவிட்டது.
தூசு போக ஒரு குலுக்கு.
முதுகில் பல்பு செருகும் துளையிலிருந்து
முதலில் ஒரு குளவி வந்தது.
பிறகு கோடைகாலமே வந்தது.

அறுபத்தெட்டு வயதுக்காரன் ஓட்டமா அது!
காலில் சிக்கிய ஒயரும் கூடவே ஓடியது,
நடைபாதையெங்கும் பல்புகள் தாளம் போட.
சிரித்து முடித்துவிட்டு
வினிகர் எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்தேன்.

காதுமடல் பணியாரமாக வீங்கியிருந்தது.
துணியை அழுத்திப் பிடித்தபோது
என்னைப் பார்க்காமல் சொன்னான்:
"வெர்னா, உன் வேலியைப் பார்.
என் கூரை நிழல் போன வாரம்
இந்நேரம் அதைத் தொடவில்லை.
ஜூனிலேயே ஆரம்பித்துவிடுகிறது,
நாம் நவம்பரில்தான் கண்டுபிடிக்கிறோம்.
தினம் மூன்று நிமிடம்,
யாரோ சட்டைப்பையில் கைவிட்டு எடுப்பதுபோல."

அவ்வளவுதான்.
கேட்டிருந்தால் ஐந்தாவது காரணமும் சொல்லியிருப்பான்.
கேட்கவில்லை.

சாண்டாவைக் குளவிகளுக்கே விட்டுவிட்டோம்,
வேலியோரம் படுத்தவாக்கில்,
வானத்தைப் பார்த்துச் சிரித்தபடி.
நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன்.
பிடித்ததற்குச் சம்மதம் என்று பொருளில்லை.
அவன் விழுந்தால்
ஆம்புலன்ஸ் என் வாசலைத்தான் மறிக்கும்.

ஆறு மணிக்குச் சுவிட்சைப் போட்டான்.
ஒன்றும் தெரியவில்லை.
விடைபெற்றுவிட்டு வாசலிலேயே நின்று பேசும் விருந்தாளிபோல
வெயில் அங்கேயே நின்றது.
ஏழு மணி. கடற்பறவை ஒன்று ஒயரில் உட்கார்ந்து
திருப்தியில்லாமல் போயிற்று.
ஏழரைக்கு டெக்லன் வந்து
எரிகிறதா என்று ஒரு பல்பைக் கையால் பொத்தி
விரலிடுக்கில் பார்த்தான்.
"இருக்கு" என்றான், வைத்தியர்போல.

இரண்டு மடக்கு நாற்காலி. பாதி சூடான பீர்.
கொசு கடித்தது. எழுந்து போகவில்லை.
இருட்டு ஏன் இன்னும் வரவில்லையென்று
நான் கடிகாரம் பார்த்தது
பிறந்ததிலிருந்து அன்றுதான்.

விரிகுடாவில் மெல்லச் சாம்பல் ஏறியது.
எப்போது என்று சொல்ல முடியாத ஒரு சமயம்
கூரையோரம் ஒரு பச்சை,
தள்ளி ஒரு சிவப்பு,
நடுவில் மூன்று பல்பு செத்திருந்தது.
"நாளைக்கு மாற்றிவிடுகிறேன்" என்றான்.
"அவசரமில்லை" என்றேன்,
நாலு மாதம் இருக்கிறது.

வீட்டுக்கு வந்தால்
சமையல் மேஜையில் அந்தத் தாள்.
மதிப்பிற்குரிய ஐயா,
ஞாயிறு, எட்டு நாற்பது.
திங்கள், எட்டு முப்பத்தெட்டு.
செவ்வாய் மூடுபனி,
பகலிலேயே தெரிந்தது.