இடம்

போன வைகாசியில் பிண்டாரிப் பனியாற்றுக்குக் கீழே
பதினோராயிரம் அடியில் எங்கள் கூடாரம்.
பதினேழு பேர், எட்டுக் கோவேறு கழுதை.
குருவி உரிக்க நான் ஒருத்தன்.

காங்கயம் ஜின்னிங் மில்லில் பருத்திக்கொட்டை பொறுக்கிய விரல்
சின்னதாக இருக்கிறது என்று சேர்த்துக்கொண்டார்கள்.
உரித்த வயிற்றை அடைக்க
ஒரு சிப்பம் கருங்கண்ணிப் பஞ்சும்
என் கூடவே மலையேறிற்று.

தலைவர் துப்பாக்கியில் கடுகு ரவை.
விழுந்ததைத் தான்சிங் தொப்பியில் ஏந்தி வருவான்.
ராக்கியண்ணன் என்ற பேர்
அவன் வாயில் பாதியாய் உடைந்து ராக்கி ஆயிற்று.
அவன் ஊரில் ராக்கி என்றால்
தங்கச்சி அண்ணன் கையில் கட்டும் காப்புக்கயிறாம்.
செத்த குருவிகளின் காலில் நான் நூல் கட்டுவதைப் பார்த்து
விழுந்து விழுந்து சிரித்தான்.
அப்புறம் ஒருநாள் சிரிக்கவில்லை.

இருநூற்றுப் பன்னிரண்டாவது
பாசி நிறம்.
கண்ணுக்கு மேலே வெளிறிய கோடு,
இறக்கையில் நொய்யரிசி அகலத்துக்கு ஒரு பட்டை.
விழுகிற வரைக்கும் உச்சாணியிலிருந்து பாடிக்கொண்டிருந்தது.
தராசில் வைத்தேன்.
மறுதட்டில் இருந்த வெள்ளி ரூபாய்
அசையவே இல்லை.

சீட்டில் எழுதினேன்:
ஆனி மூன்று. ஆண். கண் பழுப்பு.
இரைப்பையில் பச்சைப்புழு, நாலு.
இடம் என்ற கட்டத்தில்
ஓர் ஊருக்குத்தான் இடம் இருந்தது.

இன்றைக்கு ஐப்பசி ஏழு.
கொறங்காட்டுப் படலுக்கு வெளியே சைக்கிளை நிறுத்தி
மணியார்டர் எண்ணுகிறார் தபால்காரர் சாமியப்பன்.
நூற்று நாற்பது ரூபாய், மியூசியத்திலிருந்து.
எச்சில் தொட்டு எண்ணுகிறவர்,
முப்பதில் தப்பி மறுபடி ஒன்றிலிருந்து.

மேலே வெள்வேல மரத்தில்
சிஸ்லி என்றது.
பாட்டில்லை இது,
பல்லிடுக்கில் காற்று இழுத்த மாதிரி.
ஓர் இலையின் அடியைப் பார்க்கத் தலையைச் சாய்த்தது.
கோடு.
பட்டை.

“இதுங்களா? மழைக்கு முந்தி வந்துருமுங்க.
பங்குனி வரைக்கும்
உங்க கிளுவை வேலிலதான் பூச்சி பொறுக்கிட்டுக் கெடக்கும்.
நீங்க பாத்ததில்லீங்களா?”

இருபத்திநாலு வருசமாக
இந்த வேலிக்குள்தான் இருக்கிறேன்.
ஆட்டுக்குட்டி நுழைந்த சந்து தெரியும்,
கண்ணாடிவிரியன் படுத்த பொந்து தெரியும்.

மூன்று ரயில் மாறி, எட்டு நாள் நடந்து,
மூச்சுக்குத் திணறி,
ஐப்பசியில் தானாக வர இருந்ததை
ஆனியிலேயே போய் மறித்திருக்கிறேன்.
அது வேறு யார் வேலிக்காவது போயிருக்கலாம்.
பழையகோட்டைப் பக்கம். திண்டுக்கல்.
வராமலேயும் போயிருக்கலாம், வழியில் வல்லூறு இல்லையா என்ன.
இப்படியெல்லாம் சொல்லிப் பார்க்கிறேன்.

கல்கத்தாவில் ஓர் இழுப்பறைக்குள்
மல்லாந்து கிடக்கிறது இருநூற்றுப் பன்னிரண்டு.
அதன் வயிற்றில் எங்கள் காட்டுப் பஞ்சு.
விதை நீக்கியது.

“கையெழுத்துப் போட்டீங்க, செரி.
இடம் போடலீங்களே” என்றார் சாமியப்பன்.

ரசீதில் பேனா ஊன்றிய புள்ளி
மெல்லப் பெருத்துக்கொண்டிருந்தது.
மரத்தில் அது
அடுத்த கிளைக்குப் போய்விட்டது.