உதைக்காத ஆடு

சாந்தியாகோவில் நள்ளிரவு தாண்டி ஏறினேன்.
நாற்பத்து மூன்றாம் வரிசை, நடு இருக்கை.
சிட்னி வரை பதினான்கு மணி நேரம்.
கீழே தண்ணீர்,
தெற்கே எங்கோ கொஞ்சம் பனிக்கட்டி,
மறுபடி தண்ணீர்.

ரோமம் கத்தரிக்கிறவன் நான்.
பருவம் வந்தால் போவேன்,
பருவம் முடிந்தால் புந்தா அரேனாஸ் திரும்புவேன்.
இது ஒன்பதாம் முறை.
என் முழங்கால்கள் முன்னிருக்கையைத் தொடும் என்று சொல்வது மரியாதைக்கு.
முட்டும்.

முதல் வேலை, எதிரே உள்ள பையைக் காலி செய்வது.
விற்பனைப் புத்தகம், காதுக் கருவி, தண்ணீர்ப் புட்டி
எல்லாம் வெளியே வந்தால்
முழங்காலுக்கு ஒரு விரல்கடை கிடைக்கும்.
விரல்கடைதானே என்று சிரிக்காதீர்கள்.
பத்தாவது மணி நேரத்தில் அது ஓர் ஏக்கர்.

காலணி நாடாவை ஏறியவுடனே தளர்த்திவிட வேண்டும்;
வீங்கிய பிறகு பாதம் சொன்ன பேச்சைக் கேட்காது.
இடைவாரைப் போர்வைக்கு மேலே மாட்ட வேண்டும்;
இல்லாவிட்டால் நடுச்சாமத்தில் விளக்கோடு வந்து
எழுப்பிப் பார்ப்பார்கள்.
மேல்சட்டையைச் சுருட்டி வைக்க வேண்டும்,
தலைக்கு அல்ல,
இடுப்பின் பள்ளத்துக்கு.

இதை எனக்கு எந்த மனிதனும் சொல்லவில்லை.

ஆட்டை நிற்கவைத்துக் கத்தரிக்க முடியாது.
பிட்டத்தில் உட்காரவைத்து
முதுகை என் கால்களில் சாய்த்து
நான்கு குளம்பும் தரையை மறக்கும்படி பிடித்தால்,
எண்பது கிலோ கிடாயும்
சும்மா மேலே கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்.
உதைக்கிற ஆடு பொல்லாத ஆடு அல்ல.
எங்கோ ஓர் எலும்பு அழுந்துகிறது.
நான்தான் அரை அங்குலம் நகர வேண்டும்.

இன்று தரை மறந்தவன் நான்.
என்னைப் பிடித்திருப்பவனுக்கு
இடுப்பெலும்பு என்று ஒன்று இருப்பதே தெரியாது.
எந்த அலுவலகத்தில் உட்கார்ந்து வரைந்தானோ இந்த இருக்கையை,
கைவைத்த அகன்ற நாற்காலியில்.

சன்னலோரம் யெர்கோ, மாணவன்,
கண்ணாடியில் கன்னம் ஒட்டி உறங்கிப்போனான்.
அவனுக்கு இன்னும் எலும்புகள் முளைக்கவில்லை.
நடைபாதைப் பக்கம் தெமுகோவிலிருந்து எர்னெஸ்தினா.
மகளுக்குப் பிரசவம்.
மடியில் பாதி பின்னிய குல்லாய்.
நூலைத் தொட்டுப் பார்த்தேன்,
கேட்காமலே.
"மென்மையா?" என்றாள்.
"கழுத்துப் பக்கத்து ரோமம்" என்றேன்.
அதற்கு மேல் இருவருக்கும் பேச்சு வரவில்லை.

சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்துப் போனார்கள்.
முன்னிருக்கைக்காரர் சாய்ந்தார்.
என் ஏக்கர் போயிற்று.

விளக்கணைந்து வெகுநேரம் கழித்து
எர்னெஸ்தினாவின் தலை என் தோளில் விழுந்தது.
வலது குதிகாலைப் பின்னால் இழுத்தேன்,
தோளைக் கொஞ்சம் தாழ்த்தினேன்,
கழுத்து மடங்காதபடி முழங்கையை உயர்த்தினேன்.
கைக்குத் தெரிந்த வேலை.
அவள் மூச்சு அடங்கியது.
பிறகு நான் அசையவில்லை.
மூன்று மணி நேரம்.
முதலில் விரல்கள் போயின,
பிறகு மணிக்கட்டு,
பிறகு கையே வேறு யாருடையதோ ஆகிவிட்டது.
திரையில் சிறு விமானம்
ஒரு நீலத்தில் ஒட்டிக் கிடந்தது.

காலை காப்பி வாசம் வந்தபோது அவள் நிமிர்ந்தாள்.
"நான் எப்போதோ விழித்துவிட்டேன்.
நீங்கள் அப்படி அசையாமல் தூங்கினீர்களா,
எழுப்ப மனம் வரவில்லை.
கழுத்து போயே போயிற்று."

இருவரும் நொண்டி நொண்டிப் பின்பக்கம் போனோம்.
கழிப்பறை வரிசையில் நின்று
குதிகாலைத் தூக்கி இறக்கினோம்.
என் கையில் எறும்பு ஊர ஆரம்பித்தது.
எங்களுக்குப் பின்னால் வந்த யெர்கோ
கொட்டாவி விட்டபடி
செவ்வாய்க்கிழமை எங்கே என்று கேட்டான்.
பெண்கள் இருவர் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.
ஒருவரும் பதில் சொல்லவில்லை.
எர்னெஸ்தினா மட்டும்
கழுத்தைப் பிடித்துக்கொண்டு
சிரிக்க முயன்றாள், வலித்தது.