ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே

திபிலிசியின் வடக்கு ஓரம், க்ல்தானி.
ஒன்பது மாடிக் கட்டடங்கள்,
பேருந்துக்கு நிற்கும் ஆட்கள் போல
ஒன்றின் முதுகை ஒன்று பார்த்தபடி.
பதினேழு வருடம் அங்கே லிஃப்ட் பழுதுபார்த்தேன்.
காசு போட்டால்தான் ஏறும் லிஃப்ட்டுகள்.
மாதக் கடைசியில் பெட்டியைத் திறந்து
சில்லறை எண்ணுவதும் என் வேலை.
கல்யாண மாதத்தில் பெட்டி கனக்கும்.
சில கட்டடங்களில் வருடா வருடம் இளைத்துக்கொண்டே வந்தது.
ஆட்கள் ஊரை விட்டுப் போகிறார்கள் என்று நினைத்தேன்.
போகவில்லை. மேலேதான் இருந்தார்கள்.

ஒரு பிப்ரவரியில், பதினான்காம் கட்டடத்தில்,
ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே லிஃப்ட் நின்றுபோனது.
புகார் சொன்னது கீழே காத்திருந்த ஒருத்தி.
கதவை நெம்பித் திறந்தால்
உள்ளே ஓத்தியா, மூலையில் குந்தியிருக்கிறார்,
மடியில் பாதி தின்ற ரொட்டி.
நாலு மணி நேரம்.
அபாய மணியை அழுத்திப் பார்த்தேன். நன்றாகவே அலறியது.
"ஏன் அடிக்கவில்லை?"
"அவசரம் ஒன்றுமில்லை."
பிறகு, கைகொடுத்துத் தூக்கும்போது,
"இங்கே யாரும் எதுவும் கேட்கவில்லை."

ரிலே ஒன்று தேய்ந்திருந்தது, மாற்றினேன்.
பதிவேட்டில் 'காரணம்' என்ற கட்டத்தில்
ரிலே என்று எழுதினேன்.
பொய்யில்லை.
ஆனால் அன்று இரவு தூக்கம் வரவில்லை.

நாற்பத்திரண்டு வயதில் மாலை வகுப்பு.
பக்கத்து நாற்காலிப் பெண்ணுக்கு என் மூத்தவன் வயது.
நாதேலா ஒரு வார்த்தை சொல்லவில்லை.
மின்கட்டணத் தாளின் பின்பக்கம்
பழைய சம்பளத்தையும் புதிய உதவித்தொகையையும் எழுதி,
கழித்து,
விடையை அடிக்கோடிட்டு
குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினாள்.
பால் எடுக்கும்போதெல்லாம் படித்தேன்,
ஒரு வருடம்.

முதல் கேள்வித்தாள் பல்கலைக்கழகத்தில் தயாரானது.
கடந்த இரண்டு வாரங்களில் எத்தனை நாள்
ஆர்வமின்மையால் அவதியுற்றீர்கள்?
பூஜ்யம் முதல் மூன்று வரை.
அறுபது கதவு தட்டினேன். அறுபதும் பூஜ்யம்.
சிலர் பூஜ்யத்தோடு காப்பியும் கொடுத்தார்கள்.

அப்புறம்தான் அவர்களையே கூப்பிட்டேன்,
சைக்கிள் நிறுத்தும் அறைக்கு.
ரொட்டிக்கடை லமாரா சிவப்புப் பென்சிலால்
'அவதியுற்றீர்கள்' மேல் கோடு இழுத்தாள்.
"யார் வீட்டில் இப்படிப் பேசுகிறார்கள்?"
டாக்ஸி ஓட்டும் நுக்ஸார்
தலைப்பிலிருந்தே 'மனநலம்' போக வேண்டும் என்றான்.
"அதைப் பார்த்தால் கதவைச் சாத்துவார்கள்."
"எடுத்தால் பணம் கொடுப்பவர்கள் சாத்துவார்கள்," என்றேன்.
இரண்டு மணி நேரச் சண்டையில் மிஞ்சியது ஒரே கேள்வி:
கடைசியாக எப்போது லிஃப்ட்டுக்குக் காசு போட்டீர்கள்?
அதற்குப் பதில் வந்தது.
சிலரிடம் இருட்டும்வரை வந்தது.
ஐந்தாம் மாடி த்ஸியுரி கேட்டாள்:
"நவம்பரில், கல்லறையிலிருந்து திரும்பியபோது.
இரண்டு பேருக்குப் பழக்கதோஷத்தில் போட்டுவிட்டேன்.
அதை எப்படி எண்ணுவாய்?"

பேராசிரியரும் அதையேதான் கேட்டார்.
தெரியவில்லை என்றேன்.
லிஃப்ட் கம்பெனியில் அந்தப் பதிலுக்குச் சீட்டுக் கிழியும்.
இவர் குறித்துக்கொண்டார்.

ஓத்தியாவின் கதவு ஐந்தாம் தரம்தான் திறந்தது.
தாளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.
"லிஃப்ட்காரன்தானே நீ?
வாசல் மணி ஊமையாகி வருடமாச்சு.
முதலில் அதைக் கவனி."
ஆய்வாளர் எதையும் பழுதுபார்க்கக் கூடாது, விதி.
பையின் அடியில் திருப்புளி இருந்தது.
ஒரு கம்பி கழன்றிருந்தது, அவ்வளவுதான்.

வீட்டுச் செருப்போடு வெளியே வந்து
தன் மணியைத் தானே அழுத்தினார்.
காத்திருந்தார்,
உள்ளேயிருந்து யாரோ வரப்போவதுபோல.
மறுபடி அழுத்தினார்.

தாளில் எல்லாக் கட்டமும் காலி.
இதை எதில் எழுத?